ஆம்புலன்ஸில் குடித்தனம்

என் கணவர் முன்கூட்டிச் சொல்லாமல் எதையும் செய்கிற ஆள் இல்லை. முடி வெட்டிக்கொள்ளப் போவதென்றால்கூட முதல் நாளே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் 1956ஆம் வருஷம், பங்குனி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னார்.

"இந்த லீவுக்கு நாகர்கோவில் போகண்டாம். மலைக்குப் போவோம். ஒரு மாசம் அங்கயே இருப்போம்."

"மலையில நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதுக்குத்தான்."

"எங்க தங்க?"

"வண்டியில."

எனக்கு அந்த நிமிஷமே சந்தேகம் வந்துவிட்டது. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். விடை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விட்டால் என் கையால் மார்க் விழாது. இவர் விடையை மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் திருவனந்தபுரத்தில் தமிழ் பேசுகிற இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் பேச்சு ஒன்றுதான். பாஷையை வைத்து ராஜ்ஜியத்தைப் பிரிக்கப் போகிறார்கள். நாகர்கோவில் பக்கம் சென்னையோடு போகும், திருவனந்தபுரம் கேரளத்தில் நிற்கும். சர்க்கார் உத்தியோகத்திலிருக்கிற தமிழர்கள் அங்கே போகிறார்களா, இங்கேயே இருக்கிறார்களா என்று ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சர்க்காரில் டிராப்ட்ஸ்மேன், படம் வரைகிற உத்தியோகம். ஆரியசாலையில் மளிகைக்குப் போனால் கடைக்காரர் என்னிடம் கேட்பார், "சார் எந்தப் பக்கம்?" எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டால் "பாப்போம்" என்பார். எட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த "பாப்போம்" எனக்கு நன்றாகப் பழக்கம். முடிவெடுத்தாகிவிட்டது, உனக்குச் சொல்லத் தைரியமில்லை என்று அர்த்தம்.

எனக்கு ஊரைவிட்டுப் போக இஷ்டமில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது மலையாள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, வேலை வாங்கினேன். முதல் வருஷம் என் மலையாளத்தைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் இப்போது நான் வராந்தாவில் திரும்பினாலே வாயை மூடிக்கொண்டன. நாகர்கோவிலில் நான் இன்னார் வீட்டுப் பெண், இன்னாருடைய தங்கை, இத்தனை வருஷமாகியும் பிள்ளை இல்லாதவள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். இங்கே நான் டீச்சர். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் இதை அவரிடம் நான் சொல்லவில்லை. கேட்காதவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற வீம்பு. மாசியில் என் அண்ணன் வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அங்க ஒரு ஸ்கூல்ல கணக்குக்கு ஆளு தேடுதாங்க. ஒம் பேரச் சொல்லி வச்சிருக்கேன். நம்ம ஊரு, நம்ம பாஷை. இவருக்கும் அங்க ஆபீஸ் கெடைக்கும். இனி இங்க என்ன கெடக்கு?" என் அண்ணனிடம் நேருக்கு நேராக மாட்டேன் என்று சொல்லி ஜெயித்தவர்கள் கிடையாது. "பாப்போம் அண்ணாச்சி" என்று சொல்லி ரசத்தை ஊற்றினேன். என் கணவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனும் இவரும் முன்பே பேசி வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வண்டி அவருடைய சிநேகிதர் ஒருவருடையது. யுத்தம் முடிந்தபிறகு பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஆம்புலன்ஸ். சிநேகிதர் கரமனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். நோயாளிகளைப் படுக்கவைக்கிற இரண்டு தட்டுகளில் பலகையடித்து மெத்தை போட்டு, ஒரு மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தகர டிரம்மில் தண்ணீர், ஜன்னலுக்குச் சீட்டித் துணியில் திரை என்று அதை ஒரு வீடாக்கியிருந்தார். என் கணவர் யுத்தகாலத்தில் பட்டாளத்தில் மேப் வரைந்தவர். அங்கேதான் வண்டி ஓட்டவும் கற்றார். அதை ஓட்டிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் நடந்ததுதான் என் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது. நான் துணிமணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு முன்னால் கீழே இறங்கி வண்டியில் முதல் சாமான்களை ஏற்றினார். உப்பு ஜாடி. மஞ்சள். நிறைகுடத்தில் தண்ணீர். பூஜை அலமாரியிலிருந்து சின்ன விளக்கு.

எங்கள் பக்கத்தில் இந்த நாலும் இந்த வரிசையில் வாசலைத் தாண்டினால் ஒரே அர்த்தம்தான். குடி மாறுகிறார்கள். காற்று வாங்கப் போகிறவர்கள் யாரும் நிறைகுடம் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். "இது என்னத்துக்கு?" என்றேன். "ஒரு மாசம் பொழங்குத எடம்லா. எங்கம்மா இப்படித்தான் செய்வா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்தது ஒரு மிளகாய் மண்டிக்காரருடைய மாடியில். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர், ஆனால் காது எப்போதும் மாடிப்படியில்தான் இருக்கும். கையில் பல் குச்சியோடு ஓடிவந்தார்.

"என்ன சார், காலி பண்ணுதியளா? ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"இல்ல முதலாளி, மலைக்கு. லீவுக்கு."

"உப்பும் மஞ்சளும் வண்டியேறிட்டு. நீங்க லீவுங்கிய." என்னைப் பார்த்தார். "எம்மா, நீயாவது சொல்லப்படாதா? வேற ஆளு பாக்கணும்லா?"

எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்த அளவுதான். ஒரு மாதம் மலையில் வைத்து என்னை மெதுவாகச் சரிக்கட்டி, நாங்கள் இறங்குவதற்குள் மீதிச் சாமானும் நாகர்கோவில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். கோபத்தில் ஊறுகாய் பரணியை மறந்துவிட்டேன். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

நெடுமங்காடு தாண்டி விதுரை வரைக்கும் வண்டி ஒழுங்காகப் போனது. கல்லாற்றைத் தாண்டிப் பொன்முடி ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் மூச்சுவிட்டு நின்றது. நின்றால் பின்னால் உருளும். அதனால் அது நிற்கும் முன்பே நான் கதவைத் திறந்து குதித்து, பின்சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். அவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு கட்டையை எடுத்துக்கொண்டு நான் வண்டிக்குப் பின்னால் ஓடவேண்டும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை என் மாணவிகள் பார்த்திருந்தால் அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலையில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மேலே போகப்போகக் காற்று குளிர்ந்தது, புல்மேடுகள் திறந்தன, எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தேகப்பட்டுக்கொண்டே சந்தோஷமாக இருக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் ஒரு சமதளம். அங்கே வண்டியை நிறுத்தினோம். கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை, அதைச் சுற்றி நாலைந்து வீடுகள். நாங்கள் இறங்கியதும் அந்த வீடுகளிலிருந்து பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டத்துக்குள் ஓடினார்கள். "அச்சுகுத்துக்காரு வந்நே!" என்று கூச்சல். அம்மை குத்த வருகிறவர்களுக்கு அங்கே அந்தப் பெயர். வண்டிமேல் பெயிண்ட் அடித்து மறைத்திருந்த சிவப்புச் சிலுவை வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. குத்த எங்களிடம் ஊசியில்லை என்று டீக்கடைக்காரருக்குப் புரியவைக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம். எங்கள் அடுப்பையும் மெத்தையையும் எட்டிப் பார்த்துவிட்டு, வீடு இருக்கிறவர்கள் எதற்கு வண்டியில் படுக்க வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

பகலெல்லாம் சுற்றினோம். ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே போய் ஒரு சின்ன அருவியைக் கண்டுபிடித்தோம். காலில் அட்டை ஏறினால் உப்பைத் தடவினோம், அதற்காவது அந்த ஜாடி உதவியது. சில நாள் வண்டியைக் கீழே கல்லாறு வரை இறக்கி, பாறைகளுக்கு நடுவில் குளித்துவிட்டு, அங்கேயே சோறு பொங்கித் தின்றோம். பனிமூட்டமாக மஞ்சு இறங்கினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. அவருடைய இருமலை வைத்து அவர் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பேன்.

காலையில் மட்டும் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. விடிந்ததும் வரைபலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேலே தெரிகிற மேட்டுக்குத் தனியாக ஏறுவார். வெயில் ஏறித்தான் இறங்குவார். "என்ன வரையுதீங்க?" என்றால், "மலைய" என்பார். "காட்டுங்க" என்றால், "முடியட்டும்." பலகையைத் துணியால் மூடி, தட்டுக்கு அடியில் செருகிவிடுவார்.

இதற்கு நடுவில் வாழைக்குலை வர ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் ஒரு நாள் ஒரு சீப்பு கொடுத்தார். மறுநாள் முழுக்குலை. அதற்கு மறுநாள் ஒரு பலாப்பழம். காசு கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டார். சும்மா கொடுக்கிற ஆளாக அவரை நான் பார்க்கவில்லை. டீயில் சர்க்கரையைக் கிள்ளிப் போடுகிறவர்.

ஒரு காலை, இவர் மேலே போனபிறகு, நான் கடைக்குப் போய் நேராகக் கேட்டேன், எதற்கு இந்தக் குலையெல்லாம் என்று. அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சரே, சத்யம் பறயணம். சார் அதிர்த்தி வரைக்கான் வந்நதல்லே?"

உண்மையைச் சொல்லுங்கள், சார் எல்லைக்கோடு போட வந்தவர்தானே என்கிறார். தமிழ் பேசுகிறார், சர்க்காரில் படம் வரைகிறார், தினமும் மேட்டில் ஏறி நாலு பக்கமும் பார்க்கிறார், கேட்டால் சொல்வதில்லை. வேறு என்ன? அவருடைய மரச்சீனித் தோட்டம் இந்தச் சரிவில், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு அந்தச் சரிவில். கோடு நடுவில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? "சாரோட ஒந்நு பறயணே டீச்சரே. ரெண்டும் ஒரே பாகத்து ஆக்கணே" என்றார். சாரிடம் சொல்லி இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள் என்கிறார். கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த மனுஷர் என்னைவிடத் தைரியசாலி என்று தோன்றியது. தனக்கு எது வேண்டும் என்று அவர் ஒரு குலையைக் கையில் வைத்துக்கொண்டாவது கேட்டுவிட்டார். நான் இத்தனை நாளாக உப்பு ஜாடியை முறைத்துக்கொண்டிருக்கிறேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேட்டின்மேல் ஏறினேன்.

அவர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பலகை மடியில். நான் பின்னாலிருந்து போய் அதைப் பிடுங்கினேன். தாள் வெள்ளையாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"தெனமும் இங்க வந்து என்ன செய்யுதீங்க?"

அவர் எழுந்திருக்கவில்லை. "ஒங்கிட்ட எப்படிச் சொல்லணும்னு யோசிக்கேன்."

"என்ன சொல்ல?"

"நான் ஆபீஸ்ல சொல்லிட்டேன். பங்குனியிலயே."

"எனக்குத் தெரியும்" என்றேன். "அண்ணாச்சியும் நீங்களும் பேசி வச்சதுதான. எந்த வீடு? வடசேரியிலயா, கோட்டாத்துலயா?"

"என்ன வீடு? நான் போகலைன்னு சொல்லிட்டேன். இங்கயே இருக்கேன்னு."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவர் புல்லைக் கிள்ளிக்கொண்டே பேசினார். "அண்ணாச்சி வந்தப்ப நீ பாப்போம்னே. எனக்கு வேற ஊர்ல போயி மொதல்லேர்ந்து ஆரம்பிக்க முடியாது. நீ லீவுக்கு அங்க போனா, எல்லாருமாச் சேந்து ஒன்ன அங்கயே வேலைக்குச் சேத்திருவாங்க. நீ அங்க, நான் இங்க. நடுவுல ஒரு எல்லைக்கோடு. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். ஒன்ன ஒரு மாசம் எம்பக்கத்துல வச்சிருந்தா மனசு மாறும்னு. உப்பும் மஞ்சளும் எதுக்கு எடுத்தேன்? வண்டியானாலும் நீ வெளக்கேத்துனா அது நம்ம வீடு."

எனக்கு வேண்டியது அப்படியே கையில் வந்து விழுந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாளும் என் வாழ்க்கையை எந்தப் பக்கம் வைப்பது என்று இவர் தனியாக முடிவுசெய்துவிட்டு, அதைச் சொல்லப் பாறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார். முடிவு எனக்குப் பிடித்த முடிவு என்பதால் அது கேட்டு எடுத்த முடிவு ஆகிவிடுமா?

"இப்பக் கேளுங்க" என்றேன்.

"சொல்லியாச்சே..."

"சொல்லலைன்னு நெனச்சுக்கிட்டுக் கேளுங்க. எந்திச்சு நின்னு கேளுங்க."

எழுந்தார். வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். தொண்டையைச் செருமினார். பரிதாபமாக இருந்தது, ஆனால் நான் விடுவதாக இல்லை.

"நாம இங்க இருக்கலாமா, அங்க போலாமா? ஒனக்கு எது இஷ்டம்?"

பதில் என்னிடம் மாதக்கணக்காகத் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன், வரவில்லை. மஞ்சு விலகித் தெற்கே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ எங்கள் வயல். என் அம்மா இந்நேரம் முற்றத்தில் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருப்பாள். நான் வரவில்லை என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள். எத்தனை வருஷம் மலையாளத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் மனசுக்குள் நான் கூட்டுவது தமிழில்தான். இனி அந்த ஊர் வேறு ராஜ்ஜியம். அவர் என்னை எங்கே இழுத்துக்கொண்டு போவாரோ என்று பயந்துகொண்டிருந்த வரைக்கும் இதையெல்லாம் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. யாரும் இழுக்காமல் விட்டபோதுதான் அந்தப் பக்கமும் என்னுடையது என்று தெரிந்தது. அழுதுவிட்டேன். டீச்சர் என்பதெல்லாம் மறந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

அவர் முகம் வெளிறியது. "அழாத. நான் போயி ஆபீசர் கால்ல விழுந்தாவது மாத்திச் சொல்லிருதேன். அங்கயே போயிருவோம்."

"வேண்டாம். இங்கயே இருப்போம். எனக்கும் இதுதான் இஷ்டம்."

"அப்ப ஏன் அழுதே?"

"அழுகை வேற, பதில் வேற."

அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

மீதி நாட்கள் நல்ல நாட்கள்தான். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை ஆரம்பிக்கும் முன் இறங்கினோம். டீக்கடைக்காரரிடம் கோடு ஒன்றும் போடவில்லை என்று வெள்ளைத்தாளையே காட்டினோம். சரி சாரே, ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும் என்று கண்ணைச் சிமிட்டி இன்னொரு குலையை ஏற்றிவிட்டார். மிளகாய் மண்டிக்காரர் மாடிக்கு வேறு ஆள் பேசி வைத்திருந்ததை ரத்து செய்ய வேண்டி வந்ததில் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

என்னிடமிருந்த சந்தேகம் அந்த மேட்டில் தீர்ந்துபோனது. ஆனால் அது அப்படியே அவரிடம் போய் ஒட்டிக்கொண்டது. தனக்காகத்தான் நான் இங்கே தங்கினேன் என்று அவர் கடைசிவரை நினைத்தார். நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு சொன்னேன், சண்டைபோட்டுச் சொன்னேன், ஒரு தடவை என் அம்மாமேல் சத்தியம் செய்தேன். "சரி, சரி" என்பார். அவர் பார்த்தது என் கண்ணீரை. அதற்கப்புறம் என் வார்த்தைக்கு அவரிடம் மதிப்பில்லை.

அம்மாவைப் பார்க்க நான் நாகர்கோவில் போகும்போதெல்லாம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவார். டிக்கெட் எடுத்துக் கொடுப்பார், பையை மடியில் வைப்பார். இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்பேன். "வந்திருவியா?" என்பார். கண்டக்டர் விசிலடித்த பிறகும், பஸ் நகர ஆரம்பித்த பிறகும், என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வருவார்.